பேத்தியை ஆசீர்வதித்த சபை எந்த வசனத்தை வாசித்தது?

கேள்வி: எனக்கு வயது 72. மதுரையில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். மூன்று தலைமுறையாகத் தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கிறோம். மகள் குடும்பம் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில் வசிக்கிறது. அங்கே யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்ற திருச்சபையைச் சேர்ந்த ஒரு சபைக்குப் போகிறார்கள். மூத்த பேரனுக்கு இருபது வயது. தான் ஆண் அல்ல, பெண் என்று சொல்லிப் பெண் உடையில்தான் இருக்கிறான். சென்ற கோடையில் நான் அங்கே இருந்தபோது சபையில் அவனுக்குப் புதிய பெயர் சொல்லி ஆசீர்வாத ஆராதனை நடத்தினார்கள். நான் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து உபாகமம் 22:5ஐ வாசித்தேன். பிறகு அந்தச் சபையின் ஆயரம்மாவிடம் கேட்டபோது, “வேதத்தைப் படித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தோம்” என்றார். எந்த வசனத்தைப் படித்தார்கள்? அல்லது வேதத்தை ஓரங்கட்டிவிட்டு உலகத்தோடு ஒத்துப்போகிறார்களா? மகளை வேறு சபைக்குப் போகச் சொல்லலாமா? டிசம்பரில் எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள். பிசாசை விரட்டும் விடுதலை ஜெபம் நடத்தும் ஒரு போதகரிடம் பேரனை அழைத்துப் போகும்படி என் தம்பி வற்புறுத்துகிறான். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

“எந்த வசனம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் அதைக்கூடக் கேட்பதில்லை. முடிவை முதலில் எடுத்துவிட்டு வசனத்தைப் பிறகு தேடுகிறார்கள். பழைய ஏற்பாட்டை இறையியல் மாணவர்களுக்குக் கற்பிப்பதும் சபைகளில் ஆயராக ஊழியம் செய்வதும் என் வேலை. ஆகவே வசனங்களை வைத்தே பதில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் “பேரன்” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் “பேத்தி” என்று எழுதப்போகிறேன். உங்களைத் திருத்துவதற்காக அல்ல. வளர்ந்த ஒரு பிள்ளை தன்னை எப்படி அழைக்கச் சொல்கிறதோ அப்படி அழைப்பதுதான் என் வழக்கம்.

முதலில், அந்தத் திருச்சபை உங்களுக்கு அந்நியமானதல்ல. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து அமெரிக்கன் மதுரை மிஷனைத் தொடங்கியவர்கள், அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரிச் சங்கம் அனுப்பியவர்கள். நியூ இங்கிலாந்தின் காங்கிரிகேஷனல் சபைகள்தான் அந்தப் போர்டின் முதுகெலும்பு. பசுமலையில் உள்ள நிறுவனங்களும் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் அவர்கள் விட்டுச்சென்றவை. அந்தச் சபைகளில் பெரும்பகுதி 1957இல் வேறு சபைகளோடு இணைந்து யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் ஆனது. அதே மிஷனின் மதுரைச் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தன. உங்கள் மகள் போகிற சபையும் நீங்கள் உட்கார்ந்திருக்கிற சபையும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

அவர்களுடைய பொதுப் பேரவை 2003இல் மினியாபொலிஸ் நகரில் கூடியபோது, திருநங்கைகளும் திருநம்பிகளும் சபை வாழ்விலும் ஊழியத்திலும் முழுமையாகப் பங்கெடுக்கலாம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. காங்கிரிகேஷனல் மரபில் பேரவையின் தீர்மானம் உள்ளூர்ச் சபையைக் கட்டுப்படுத்தாது. ஒவ்வொரு சபையும் தானே கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். ஆகவே “படித்து இந்த முடிவுக்கு வந்தோம்” என்று ஆயரம்மா சொன்னதைச் சம்பிரதாய வார்த்தையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க எபிஸ்கோப்பல் சபை 2012இல் குருத்துவத்துக்குப் பாலின அடையாளம் தடையாகாது என்று சபைச் சட்டத்திலேயே எழுதியது. இங்கிலாந்து திருச்சபையின் பேராயர்கள் 2018 டிசம்பரில், பாலினம் மாறியவர்கள் தங்கள் ஞானஸ்நான விசுவாசத்தை மறுபடி அறிக்கையிடும் ஆராதனையை நடத்தக் குருமாருக்கு வழிகாட்டினார்கள். இதற்கு நேர் எதிராக, அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் சபையான சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு, ஆண் பெண் என்ற வேறுபாடு பிறந்த உடலால் தீர்மானிக்கப்படுவது, அதை மாற்ற முடியாது என்று 2014இல் தீர்மானித்தது. இரு தரப்பின் கையிலும் இருப்பது ஒரே புத்தகம்தான். எப்படி வாசிக்கிறார்கள் என்பதில்தான் பிரிகிறார்கள்.

தாராளவாதப் புராட்டஸ்டண்டுகள் என்று நாம் சொல்பவர்களின் வாசிப்பு முறைக்கு இருநூறு ஆண்டு வயது உண்டு. ஜெர்மனியில் இறையியலாளர் ஷ்லையர்மாக்கர் காலத்திலிருந்து வளர்ந்துவந்தது அது. வேதாகமம் வானத்திலிருந்து எழுதி இறக்கப்பட்ட சட்டப்புத்தகம் அல்ல. தேவன் தங்களைச் சந்தித்ததைப் பற்றி மனிதர்கள் அவரவர் காலத்தில், அவரவர் மொழியில் எழுதிய சாட்சி என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டளையைப் பார்த்தால், அது யாருக்கு, எந்தச் சூழலில், எதைத் தடுக்கச் சொல்லப்பட்டது என்று கேட்பார்கள். பிறகு வேதத்தின் மற்றப் பகுதிகள் அதே விஷயத்தில் எந்தத் திசையில் நகர்கின்றன என்று பார்ப்பார்கள். கடைசியாக, நம் கண்முன் தேவன் என்ன செய்கிறார் என்று பார்ப்பார்கள்.

இது ஆபத்தான வழி என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் நீங்களும் இந்த வழியில்தான் நெடுந்தூரம் வந்திருக்கிறீர்கள். நம் திருச்சபை 1976 முதல் பெண்களைக் குருத்துவத்துக்கு அபிஷேகம் செய்கிறது. 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயராக வந்தார். “உபதேசம் பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும்” ஸ்திரீக்கு உத்தரவு கொடுப்பதில்லை என்ற 1 தீமோத்தேயு 2:12 அப்படியே இருக்கும்போதுதான் இது நடந்தது. அந்த வசனத்தை யாரும் கிழித்தெறியவில்லை. அதன் சூழலைப் பார்த்தோம். புதிய ஏற்பாட்டில் ஊழியம் செய்த பெபேயாளையும் பிரிஸ்கில்லாளையும் பார்த்தோம். அழைப்புப் பெற்ற பெண்களைப் பார்த்தோம்.

சாதி விஷயத்தில் நம் முன்னோர் பட்ட பாடு இன்னும் பெரிது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் கொதித்தெழுந்தார்கள். தனி இருக்கையும் தனிப் பாத்திரமும் உலக வழக்கம், அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அவர்கள் வாதம். மதுரை மிஷனரிகளோ, எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பதையே சோதனையாக வைத்தார்கள். மறுத்தவர்களைச் சபையிலிருந்து விலக்கினார்கள். உங்கள் மகள் இருக்கும் கனெக்டிகட்டில், 1839இல் அடிமைகளை ஏற்றிச்சென்ற அமிஸ்டாட் கப்பலிலிருந்து பிடிபட்ட ஆப்பிரிக்கர்கள் சிறைவைக்கப்பட்டபோது, அவர்களுக்காக வழக்காட முன்வந்தவர்களில் காங்கிரிகேஷனல் சபையார் இருந்தார்கள். 1841இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஆப்பிரிக்கர்களை விடுவித்தது. அந்தக் காலத்தில் வசனங்களை எண்ணிப் பார்த்தால், அடிமை முறையை ஆதரித்தவர்களிடம்தான் அதிகம் இருந்தன. ஒரு விஷயத்தில் சபை மனம் மாறியதாலேயே இன்னொரு விஷயத்திலும் மாற வேண்டும் என்பதில்லை, அது சரிதான். ஆனால் “வசனம் இருக்கிறது, பேச்சு முடிந்தது” என்று சொல்லும் உரிமையை நாம் என்றைக்கோ விட்டுக்கொடுத்துவிட்டோம்.

இப்போது நீங்கள் வாசித்த உபாகமம் 22:5க்கு வருவோம். “புருஷரின் உடைகளை ஸ்திரீகள் தரிக்கலாகாது, ஸ்திரீகளின் உடைகளைப் புருஷர் தரிக்கலாகாது” என்கிறது அது. மீறுவோர் கர்த்தருக்கு அருவருப்பானவர்கள் என்கிறது. தாராளவாதிகளில் சிலர், அதே அதிகாரத்தில் ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் கலந்த துணி உடுத்தக் கூடாது என்றும் இருக்கிறது, அதை யார் கடைப்பிடிக்கிறார்கள் என்று கேட்டு முடித்துவிடுவார்கள். அந்த வாதம் எனக்குப் போதாது. மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, யாரும் விழுந்து சாக வேண்டாம் என்பதும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது. அது இன்றைக்கும் நல்ல கட்டளை. தவிர, “அருவருப்பு” என்ற கடுஞ்சொல் துணிக் கலப்புக்குச் சொல்லப்படவில்லை, இதற்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

கவனமாக வாசிக்கிறவர்கள் வேறு கேள்வி கேட்கிறார்கள்: இந்தத் தடை எதைத் தடுக்க வந்தது? யூத உரையாசிரியர்கள் இதைப் பல நூற்றாண்டுகளாகக் கேட்டிருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டு ராஷி, வேடமிட்டுப் பெண்கள் நடுவில் புகுந்து விபசாரம் செய்வதைத் தடுக்கவே இது என்றார். மைமோனிடிஸ், அந்நிய தெய்வ வழிபாட்டுச் சடங்கைத் தடுக்க என்றார். யூதரின் பழைய சட்ட விளக்கத் தொகுப்பான தால்முதில் ஒரு ரபி, பெண் போர்க்கருவி தரித்து யுத்தத்துக்குப் போகக் கூடாது என்று இதற்குப் பொருள் சொல்கிறார். மூவரும் ஒத்துப்போகவில்லை, ஆனால் மூவருமே இதை வெறும் உடைச் சட்டமாகப் பார்க்கவில்லை. ஏமாற்றவோ விக்கிரகத்தை வணங்கவோ உங்கள் பேத்தி அந்த உடையை உடுத்தவில்லை. தன்னை மறைப்பதை நிறுத்தவே உடுத்துகிறேன் என்றுதான் அவளைப் போன்றவர்கள் சொல்கிறார்கள். ஜோன் ஆஃப் ஆர்க்கை 1431இல் தீயில் இட்டவர்கள், அவள் ஆண் உடை தரித்ததைக் குற்றச்சாட்டுகளில் ஒன்றாக வைத்து இந்தத் தடையைத்தான் கையில் எடுத்தார்கள். பின்னாளில் அவளைப் புனிதையாக உயர்த்தியது அதே சபை.

பழமைவாதிகளின் உண்மையான பலம் உபாகமத்தில் இல்லை, ஆதியாகமம் 1:27இல் இருக்கிறது. “தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார், அவனைத் தேவசாயலாகவே சிருஷ்டித்தார், ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்.” இரண்டு மட்டும், தேவனே வகுத்தது, மீறுவது சிருஷ்டிகரை மீறுவது என்பது அவர்கள் வாதம்.

அந்த அதிகாரத்தை முதலிலிருந்து மெதுவாக வாசித்துப் பாருங்கள், ஐயா. தேவன் வெளிச்சத்தையும் இருளையும் பிரிக்கிறார். பகல், இரவு என்று பெயரிடுகிறார். உடனே அடுத்த வரி: “சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று.” சாயங்காலம் பகலா, இரவா? நிலத்தையும் சமுத்திரத்தையும் பிரிக்கிறார். அலை வந்து போகும் கரையையும் சதுப்பு நிலத்தையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவை தேவனுடைய படைப்பு இல்லையா? இரு முனைகளைச் சொல்லி நடுவில் உள்ள அனைத்தையும் உள்ளடக்குவது எபிரேய நடை. “வானத்தையும் பூமியையும்” என்று தொடங்கும் முதல் வரியே அதற்குச் சாட்சி. ஆண், பெண் என்ற சொற்களையும் அப்படி வாசிக்க இடம் இருக்கிறது என்கிறார்கள் தாராளவாத விளக்கக்காரர்கள். புதிதாக முளைத்த எண்ணம் அல்ல இது. ஆதியாகமத்துக்கான பழைய ரபிமார் விளக்கம் ஒன்று, முதல் மனிதன் ஆணும் பெண்ணும் சேர்ந்த ஒரே உருவாகப் படைக்கப்பட்டான் என்கிறது. 4ஆம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரியார், தேவசாயல் என்பது ஆண் பெண் பிரிவுக்கு அப்பாற்பட்டது என்று எழுதினார். அமெரிக்க வேத அறிஞர் ஃபிலிஸ் டிரிபிள் 1970களில், ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் மண்ணிலிருந்து உருவான மனிதப் பிறவி, விலா எலும்பு எடுக்கப்படும்வரை ஆணும் அல்ல பெண்ணும் அல்ல என்று வாதிட்டார்.

எதிர்த்தரப்பின் மறுப்பும் பலமானது. அடுத்த வசனமே “பலுகிப் பெருகுங்கள்” என்கிறது. ஆகவே ஆண் பெண் என்பது இங்கே பிள்ளைப்பேற்றோடு கட்டப்பட்டது என்பார்கள். இந்த ஒரு வசனத்தை மட்டும் வைத்து இரு தரப்பில் எவரும் வெல்ல முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆதியாகமம் சிருஷ்டிப்பின் ஒழுங்கைப் பாடுகிறது. அந்த ஒழுங்குக்குள் சரியாகப் பொருந்தாதவர்களைச் சபை எப்படி நடத்த வேண்டும் என்று அது சொல்லவில்லை. வேதம் அதை வேறு இடத்தில் சொல்கிறது.

அந்த இடத்துக்கு வருகிறேன். உபாகமம் 23:1, விதையடிக்கப்பட்டவனும் கோசமறுக்கப்பட்டவனும் “கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது” என்கிறது. இப்படி ஆண்மை நீக்கப்பட்ட அண்ணகருக்கு ஆலயத்தில் இடம் கிடையாது. பல நூறு ஆண்டுகள் கழித்து, பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய மக்களிடம் ஏசாயாவின் புத்தகம் பேசுகிறது. அந்நிய அரண்மனைகளில் அண்ணகராக்கப்பட்ட யூதரும் அவர்களில் இருந்திருக்கக்கூடும். சட்டப்படி வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்து 56ஆம் அதிகாரம் சொல்கிறது: அண்ணகன், “இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக.” தொடர்ந்து, தம் உடன்படிக்கையைப் பற்றிக்கொள்ளும் அண்ணகருக்குத் தம் ஆலயத்திலும் மதில்களுக்குள்ளும், “குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரிய இடத்தையும் கீர்த்தியையும்பார்க்கிலும்” மேலான இடத்தையும், என்றும் அழியாத நித்திய நாமத்தையும் தருவேன் என்கிறார் கர்த்தர். உபாகமம் மூடிய கதவை ஏசாயா திறக்கிறார். ஒரு பழைய கட்டளையை வேதமே மறுபரிசீலனை செய்வதை நாம் கண்ணால் பார்க்கும் இடம் இது. அண்ணகன் முதலில் குணமாகட்டும், பிறகு வரட்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை.

அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பியன் ஒருவன் ரதத்தில் வருகிறான். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவனை “மந்திரி” என்கிறது. நாம் சிறுவயது முதல் ஞாயிறு பள்ளியில் எத்தியோப்பிய மந்திரி என்றே படித்திருக்கிறோம். கிரேக்க மூலம் அவனை ஐந்து இடங்களில் அண்ணகன் என்கிறது. அதிகாரி என்பதற்கு அங்கேயே தனிச்சொல் இருப்பதால், இது வெறும் பதவிப்பெயர் அல்ல என்றே பெரும்பாலான உரைகாரர் கொள்கிறார்கள். இந்த ஒரு விவரம் தெரியாமல் போனால், அந்த ஆயரம்மா எந்த வசனத்தைப் படித்தார் என்பது நமக்குப் புரியாது. அந்த மனிதன் எருசலேமுக்குத் தொழுதுகொள்ளப் போய்த் திரும்புகிறான். உபாகமச் சட்டப்படி ஆலயத்துக்குள் அவனை எவ்வளவு தூரம் விட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். அவன் மடியில் இருந்தது ஏசாயாவின் புத்தகம்; வாசித்துக்கொண்டிருந்தது 53ஆம் அதிகாரம். இன்னும் மூன்று அதிகாரம் தள்ளி, அவனுக்கென்றே எழுதப்பட்டதுபோல அந்த வாக்குத்தத்தம் காத்திருக்கிறது.

தண்ணீரைக் கண்டதும் அவன் கேட்கிறான்: “இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?” நம் வேதாகமத்தில் அடுத்து வரும் 37ஆம் வசனத்தில் பிலிப்பு, முழு இருதயத்தோடு விசுவாசித்தால் தடையில்லை என்கிறார். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனம் கிடையாது. அவற்றில் கேள்விக்குப் பதிலே இல்லை. ரதம் நிற்கிறது, இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள். தடைகளைப் பட்டியலிட ஒருவன் கேட்டான், பிலிப்பு ஒன்றையும் சொல்லவில்லை.

இயேசுவும் அண்ணகரைப் பற்றிப் பேசியிருக்கிறார். மத்தேயு 19ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஆதியாகமம் 1:27ஐ மேற்கோள் காட்டித் திருமணத்தைப் பற்றிப் பேசுகிறார். அதே உரையாடலின் முடிவில், “தாயின் வயிற்றிலிருந்து அண்ணகர்களாய்ப் பிறந்தவர்களும் உண்டு” என்கிறார். ஆணும் பெண்ணுமாக என்று சொன்ன அதே வாய்தான், அந்த இரண்டிலும் அடங்காமல் பிறப்பவர்கள் உண்டு என்றும் சொல்கிறது. கண்டனமாக ஒரு வார்த்தையும் இல்லை.

ஆனால் அண்ணகர் வேறு, இன்றைய திருநங்கைகள் வேறு. இயேசு திருநங்கைகளைப் பற்றிப் பேசினார் என்று சில தாராளவாதப் பிரசங்கிகள் அடித்துச் சொல்வது மிகை. அண்ணகரில் பெரும்பாலோர் பிறரால் அந்த நிலைக்கு ஆளாக்கப்பட்டவர்கள். தங்களைப் பெண் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதாக வேதத்தில் இல்லை. இந்த வசனங்கள் தெளிவாகக் காட்டுவது ஒன்றுதான்: பாலினத்தின் வழக்கமான வகைக்குள் அடங்காத உடல் தேவனுடைய வீட்டுக்குள் வரத் தடையல்ல. அங்கிருந்து, உங்கள் பேத்தியின் புதிய பெயரையும் ஆசீர்வதிக்கலாம் என்பதற்குப் போவது இன்னொரு படி. அது இறையியல் அனுமானம். அந்தப் படியை நான் எடுத்திருக்கிறேன். எடுக்காதவரை வேதத்துக்கு விரோதி என்று நான் சொல்ல மாட்டேன். எடுத்தவரை நீங்களும் அப்படிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கலாத்தியர் 3:28ஐயும் உங்களிடம் காட்டுவார்கள்: “ஆணென்றும் பெண்ணென்றுமில்லை.” அழகான வசனம். ஆனால் ஞானஸ்நானத்தில் ஒருவருக்கொருவர் மேல் கீழ் இல்லை என்பதே அங்கே பவுலின் பேச்சு. பவுல் அதற்குப் பிறகும் ஆணை ஆண் என்றும் பெண்ணைப் பெண் என்றும்தான் பேசினார். உங்கள் பேத்தியும் ஆண் பெண் வேறுபாடு இல்லை என்று சொல்லவில்லையே. தான் பெண் என்றுதானே சொல்கிறாள்? அந்த வசனம் அவளுக்குப் பெரிதாக உதவாது.

பழமைவாதத் தரப்பு கேட்கும் கேள்விகளில் மிகக் கூர்மையானது உடலைப் பற்றியது. உடல் தேவனுடைய ஈவு, பரிசுத்த ஆவியின் ஆலயம் என்றால், அதை ஏன் மாற்ற வேண்டும்? உள்ளே இருக்கும் நான் வேறு, உடல் வேறு என்று பிரிப்பது சபை ஆதிகாலத்திலேயே மறுத்த ஞானவாதம் அல்லவா? எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. தாராளவாத இறையியலாளர்களின் பதில்: மனமும் மூளையும்கூட உடல்தான், உடலுக்குள்ளேயே நடக்கும் அந்தப் பிணக்கைத் தீர்க்க மருத்துவத்தை நாடுவது உடலை வெறுப்பதாகாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியல் இதை மனநோய்களின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது என்பதையும் சுட்டுவார்கள். உளவியலாளர் மார்க் யார்ஹவுஸ் பழமைவாதச் சுவிசேஷ மரபைச் சேர்ந்தவர். அவரே 2015இல், இதை மீறலாக மட்டும் பார்க்கும் கண்ணாடி போதாது. வேதனையாகப் பார்க்கும் கண்ணாடியும் சபைக்கு வேண்டும் என்று எழுதினார். தாராளவாதிகள் அதையும் தாண்டி, தேவன் அனுமதித்த வேறுபாடாகவே பார்க்கிறார்கள்.

அப்படிப் பார்க்க அவர்களுக்குத் துணிவு தருவது அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரம். யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டில், விருத்தசேதனம் இல்லாதவர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்குகிறார். பேதுரு அறிந்த வேதத்தில் அதற்கு முன்மாதிரி இல்லை. எருசலேமில் அவரை விசாரித்தபோது, “தேவனைத் தடுக்கிறதற்கு நான் எம்மாத்திரம்?” என்கிறார். சபை முதலில் கனியைப் பார்த்தது, பிறகு வேதத்தை மறுபடி வாசித்தது. 15ஆம் அதிகாரத்தில் யாக்கோபு ஆமோஸின் வார்த்தையைப் புதிய வெளிச்சத்தில் எடுத்துச் சொல்கிறார். கனெக்டிகட்டின் அந்தச் சபையார் உங்கள் பேத்தியைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். அவள் பாடுவதையும் ஜெபிப்பதையும் பார்த்திருப்பார்கள். அவளிடம் விசுவாசத்தின் கனி இருக்கிறதா என்று நீங்கள் அவர்களைக் கேட்டிருக்கலாம், இப்போதும் கேட்கலாம்.

புதிய பெயர் சொல்லி ஆசீர்வதித்தது மறு ஞானஸ்நானமோ என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். ஞானஸ்நானம் ஒன்றே என்பதில் இந்தச் சபைகள் உறுதியானவை. இங்கிலாந்து திருச்சபையின் வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. ஆபிராம் ஆபிரகாமானதையும் யாக்கோபு இஸ்ரவேலானதையும் இத்தகைய ஆராதனைகளில் வாசிப்பார்கள். அந்தப் பெயர்களைத் தேவன் வைத்தார், இவள் தானே வைத்துக்கொண்டாள் என்று நீங்கள் மறுக்கலாம், நியாயமான மறுப்பு. ஆனால் நகோமி தன் துக்கத்தில், என்னை “மாராள் என்று சொல்லுங்கள்” என்று, ஊருக்குத் திரும்பியபோது தானே பெயர் வைத்துக்கொண்டாள். பெத்லகேம் பெண்கள் அவளோடு தர்க்கம் செய்ததாக ரூத்தின் புத்தகத்தில் இல்லை.

ஆகவே, மகளை வேறு சபைக்குப் போகச் சொல்லாதீர்கள். உங்கள் பேத்தி சபையைவிட்டுப் போகாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சபைதான். வேறிடத்துக்கு மாற்றினால் அவள் இன்னொரு சபைக்குப் போக மாட்டாள், எந்தச் சபைக்கும் போகாமல் நின்றுவிடுவாள். இப்படி நின்றுபோன பிள்ளைகளை என் ஊழியத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

விடுதலை ஜெபம் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. பிசாசு பிடித்தவர்களைப் பற்றிய சுவிசேஷப் பகுதிகளில் ஒன்றுகூட இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றியது அல்ல. அண்ணகனை ரதத்தில் சந்தித்த பிலிப்பு, அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் சமாரியாவில் அசுத்த ஆவிகளைத் துரத்தியவர். ரதத்தில் அவர் அதைச் செய்யவில்லை. உட்கார்ந்து வேதத்தை விளக்கினார். பாலின அடையாளத்தை மருத்துவத்தின் பெயரால் “குணமாக்க” முயல்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை விதித்தது. ஜெபத்தின் பெயரால் செய்தாலும் காயம் ஒன்றுதான். உங்கள் தம்பியிடம் அவர்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே தெளிவாகப் பேசிவிடுங்கள். அவர்கள் வந்து இறங்கிய பிறகு பேசினால், அந்தச் சங்கடம் பேத்தியின் காதில் விழும்.

அவளிடம் என்ன பேசுவது? நீங்கள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டதாக நடிக்க வேண்டாம். இருபது வயதுப் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும். ஆராதனைக்கு வராமல் வீட்டில் இருந்ததைப் பற்றி மட்டும் பேசுங்கள். தாத்தாவுக்கு இன்னும் பல விஷயங்கள் விளங்கவில்லை, ஆனால் அன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அது உண்மையாக இருந்தால். அவள் ஏற்றுக்கொண்ட பெயரைச் சொல்லி அழையுங்கள். நாக்கு பழைய பெயருக்குப் போனால் திருத்திக்கொண்டு மேலே பேசுங்கள். ஒவ்வொரு தடவையும் பெரிய மன்னிப்பு வேண்டாம். டிசம்பர்வரை காத்திருக்கவும் வேண்டாம். வாரம் ஒரு நாள் வீடியோ அழைப்பில் ஏசாயா 56ஐயும் அப்போஸ்தலர் 8ஐயும் சேர்ந்து வாசியுங்கள். நீங்கள் தமிழில் வாசியுங்கள், அவள் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். நீங்கள் “மந்திரி” என்று வாசிக்கும் இடத்தில் அவள் என்ன வாசிக்கிறாள் என்று கேளுங்கள். மீதியை அவளே உங்களுக்குச் சொல்லுவாள். ஆசிரியராக இருந்தவருக்கு மாணவர் சொல்லக் கேட்பது தெரியும்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவள் வருவாளா என்பதை அவளே முடிவு செய்யட்டும். வருவதாகச் சொன்னால், முன்கூட்டியே உங்கள் சபைக் குருவானவரைச் சந்தித்து, அவளுடைய அனுமதியோடு விஷயத்தைச் சொல்லிவையுங்கள். திருவிருந்து வரிசையில் அவளை என்ன பெயர் சொல்லி அறிமுகம் செய்வது என்பதையும் பேசிவையுங்கள். அவளைக் கேட்காமல் ஜெபக்குறிப்பில் அவள் பெயரை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சபை நடுவில் வாசிக்கப்பட்டால், அவள் சொல்ல வேண்டிய செய்தியை வேறு யாரோ சொன்னதாகிவிடும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது உபாகமம் 22:5ஐச் சொன்னால், அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தையும் ஏசாயா 56ஐயும் வாசித்திருக்கிறீர்களா என்று நீங்களே கேளுங்கள். அந்தப் பதிலைச் சொல்லும் பொறுப்பை அவள்மேல் வைக்க வேண்டாம்.